சகலையின் மாடலும் என் கண்ணாடிக் குழாயும்

சின்னமனூரில் என் மாமியார் வீட்டுக் கறிச்சோற்றில் நல்லி எலும்பு ஒரு பந்திக்கு ஒன்றுதான் தேறும். கல்யாணமான முதல் ஆறு வருஷம் அது என் இலைக்கு வந்தது. பிறகு மைத்துனிக்குக் கல்யாணம் ஆனது, எலும்பு இலை மாறிவிட்டது. மூத்த மருமகனுக்குப் பல் ஆடுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்களாம். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. முப்பத்திரண்டு பல்லும் கல்லு மாதிரி இருந்தன.

அன்றிலிருந்து என் சகலைமீது எனக்குப் பொறாமை. என்னைவிட ஒன்பது வயது இளையவன். தேவதானப்பட்டிக்காரன், விவசாயக் குடும்பம், கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான். முடி கொட்டவில்லை, சர்க்கரை இல்லை, யாரைப் பற்றியும் குறை பேசமாட்டான். இப்படிப்பட்ட ஆளை எதைச் சொல்லித் திட்டுவது? பதின்மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதையும் கெடுத்துக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் உத்தியோகம். தேனியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் என் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், குழாய் நிறையக் கொழகொழவென்று பசை. அதில் ஒரு மணல் மணியை இடுக்கியால் போடவேண்டும். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. இதிலிருந்து அதற்கு அந்த மணி இறங்க எத்தனை நேரம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் எவனாவது குழாயும் கையுமாக நின்றால் மலையைக் குடையப் போகிறான் என்று ஊர் கூடிவிடும். ஆரம்பத்தில் திராட்சைத் தோட்டக்காரர்கள் நாலு பேர் விசாரிக்க வந்தார்கள். அவர்களிடம் விளக்கினேன். வேறு எங்கோ, எண்ணெயும் எரிவாயுவும் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கிற இடங்களில், ஆழமாகக் கிணறு தோண்டி, தண்ணீரைப் பயங்கர அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். அழுத்தத்தை எடுத்தால் பிளவு மூடிக்கொள்ளும். மூடாமலிருக்க, கதவிடுக்கில் கட்டை சொருகுகிற மாதிரி, தண்ணீரோடு மணலையும் அனுப்புகிறார்கள். வெறும் தண்ணீரில் மணல் நிற்காதே, அதனால் கொத்தவரை விதையை அரைத்த மாவைக் கலந்து பசையாக்குகிறார்கள். பாயசம் பதமாக இருந்தால் ஜவ்வரிசி மிதக்கும், நீர்த்துவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதே சங்கதிதான். மணல் பாதி வழியில் படுத்துவிட்டால் கிணறு வீண். எந்தப் பசையில் எந்த மணல் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும். சென்னையிலுள்ள ஒரு கம்பெனி அதைச் சொல்கிறது. கம்பெனிக்கு நான் சொல்கிறேன்.

நாலு பேரும் குழாயைச் சுற்றிவந்து பார்த்தார்கள். மூத்தவர், "ஒத்த மணலப் போட்டு வேடிக்க பாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாக?" என்று கேட்டார். இவனால் ஆபத்தில்லை என்று தெரிந்ததில் அவர்களுக்கு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் அவமானம்.

ஒரு குழாய்ப் பசைக்குப் பத்து மணி போடுவேன். அதில் முதல் மணி எப்போதும் மெதுவாகத்தான் இறங்கும். அசையாமல் கிடக்கிற பசையில் அது தன் வழியைத் தானே பிளந்துகொண்டு போகவேண்டும். பின்னால் வருகிறவை அந்த வழியிலேயே சறுக்கிக்கொண்டு போய்விடும், இரண்டாவது மருமகன் மாதிரி. கிணற்றிலும் பம்பை நிறுத்தியதும் பசை அப்படித்தான் அசையாமல் நிற்குமாம். அதனால் முதல் மணிக்குத் தனி மதிப்பு.

அந்த முதல் மணியை நான் 'ஒன்று' என்று எழுதியதில்லை. என் அப்பாவுக்குப் போடி பஜாரில் தானியக் கடை. படியால் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். இந்தப் பக்கம் கடையிலும் களத்திலும் எல்லாரும் அப்படித்தான். எனக்கும் அது கையோடு ஒட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் முப்பத்துநாலு நோட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி 'லாபம்', அடுத்தது 2, அடுத்தது 3. இந்த நோட்டுகளிலிருந்து நானே ஓர் அட்டவணை தயாரித்திருந்தேன். கம்பெனியில் அதற்குப் பெயரே 'தேனி டேபிள்'. அதைச் சொல்லும்போது என் மீசை தானாக மேலே போகும்.

எல்லாவற்றுக்கும் இந்த மீசைதான் காரணம். சின்னமனூரில் ஒரு காதுகுத்து விருந்தில், எலும்பு அவன் இலைக்குப் போன எரிச்சலில், சகலையிடம் கொஞ்சம் ஓவராகப் பேசிவிட்டேன். உன் கணக்கெல்லாம் கரும்பலகையோடு சரி, என் கணக்கு பாறைக்குள் போகிறது என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டான். ஆடு தானாக வந்து தலையை நீட்டுகிறது என்று நினைத்து, முப்பத்துநாலையும் சாக்கில் கட்டிக் கொடுத்தனுப்பினேன். வெட்டுப்பட்ட ஆடு எது என்று தெரிய மூன்று மாதம் ஆனது.

மெஷின் லேர்னிங் என்றான். சூத்திரம் எதுவும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லையாம். என் நோட்டில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், பசையின் கெட்டி, மணலின் பருமன், எடை, சூடு இவற்றுக்கும் இறங்குகிற நேரத்துக்கும் என்ன உறவு என்று அதுவே கற்றுக்கொள்ளுமாம். அப்படிக் கற்றதற்கு மாடல் என்று பெயர். நான் கண்ணால் பார்க்காத பசைக்கும் அது விடை சொன்னது. எனக்குப் பதினோரு வருஷம் பிடித்ததை ஒரு டீ ஆறுவதற்குள் முடித்தது. நான் பெருந்தன்மையாக அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன். அவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பை இவனுக்கு நாசூக்காகத் தெரிவிக்கலாம் என்பது திட்டம்.

கம்பெனி மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. அவனுடைய நம்பரைக் கேட்டு வாங்கி, நாற்பது நிமிஷம் பேசினார். என்னோடு இத்தனை வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு, கூரியர் வந்ததா என்பது.

பிறகு எனக்கு ஒரு மெயில் வந்தது. ஆடி மாதம் ஒரு சோதனை. ஐந்து புதுப் பசைகள். முந்தின நாளே என் அட்டவணையும் அவன் மாடலும் தத்தம் விடையைச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு கொட்டகையில் மணலைப் போட்டு, வீடியோ காலில் சரிபார்ப்பது. எது நெருங்கி வருகிறதோ அதுதான் இனிமேல். மாடல் ஜெயித்தால், குழாயை என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம். குழாய் என்று எழுதியிருந்தார். நான் அதற்குப் பின்னால் நிற்பது யாருக்கும் தெரியாதா என்ன?

வயது நாற்பத்தொன்பது. பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதியபோது பொழுதுபோக்கு என்ற இடத்தில் கேரம் என்று போட்டிருந்தேன். அதற்கப்புறம் சேர்க்க என்னிடம் இருந்தது, மணல் போடத் தெரியும் என்பது மட்டும். அன்று சாப்பாட்டில் கொத்தவரங்காய்ப் பொரியலைப் பார்த்ததும் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மனைவி என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஏங்க, அது படிச்சதெல்லாம் உங்க நோட்டத்தானே? அப்ப உங்களுக்கு உங்க மேலயே பொறாமையா?"

பொரியலில் உப்பு அதிகம் என்றேன்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சகலை போனில் ஒரு பட்டியல் அனுப்பினான். என் நோட்டுகளை டைப் அடிக்கக் கொடுத்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய மொத்தக் கணக்கு. ஒருமுறை பார்த்துச் சரியா என்று சொல்லும்படி கேட்டிருந்தான். தப்பு ஒன்றாவது கிடைக்காதா என்ற ஆசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிடைத்தது. ஒவ்வொரு பசையும் இரண்டிலிருந்து ஆரம்பித்தது. 2, 3, 4, பத்து வரைக்கும். அடுத்த பசை, மறுபடி 2. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்திலும் முதல் மணி இல்லை. எண் இருக்கவேண்டிய கட்டத்தில் 'லாபம்' என்று எழுத்து இருந்ததால், எண்ணில்லாத வரி செல்லாது என்று கம்ப்யூட்டர் கழித்துக்கட்டியிருக்கிறது. பதினோரு வருஷத்து முதல் மணிகள் மொத்தமும் போய்விட்டன. அந்த மாடல் தன் பிறவியில் ஒரு முதல் மணியைப் பார்த்ததில்லை. உலகத்திலுள்ள எல்லா மணலும் திறந்துவைத்த வழியில் சறுக்கிக்கொண்டு போகும் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

ஒரு வரி எழுதியிருந்தால் போதும். தம்பி, முதல் மணியைக் காணோம், பாரு. நான் எழுதவில்லை. போனில் இருக்குமே, மஞ்சளாக உயர்த்திய ஒரு கட்டைவிரல், அதை அனுப்பினேன். எழுத்தில் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாட அந்த விரல் வசதியாக இருந்தது. அவன் உடனே இரண்டு கை கூப்பி அனுப்பினான். சனியன், அதிலும் மரியாதை.

இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் போனை எடுத்து எடுத்து அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிச் சனிக்கிழமை வேறு. குச்சனூர் போய்ச் சனீஸ்வரனுக்கு ஒரு எள் விளக்குப் போட்டுவிட்டால் மனசு அடங்கும் என்று கிளம்பினேன். கூட்டத்தில் இடிபட்டு, விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரே இன்னொரு விளக்குக்குத் திரி தூண்டிக்கொண்டு என் சகலை.

"என்ன சகல, இங்கன?"

"மகளுக்குப் பரீட்சண்ணே." மகள் யுகேஜி. "நீங்க?"

"உங்க மதினிக்கு மூட்டு வலி." அவள் அன்று காலையில்தான் மாடிப்படியில் ஏறி வடகம் காயப்போட்டிருந்தாள்.

காகத்துக்கு இருவரும் சோறு வைத்தோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை. காகம் வந்தது, என் இலையை ஒரு கண்ணால் பார்த்தது, அவன் இலையில் சாப்பிட்டது. ஒரு காகத்தின்மீது பொறாமைப்பட்டது அன்றுதான் முதல் தடவை. அதற்கும் சேர்த்து ஒரு விளக்குப் போட்டிருக்கலாம்.

அவன் காகத்தைப் பார்த்தபடி சொன்னான்: "கோயில்ல பொய் சொல்லக் கூடாதுண்ணே. மகளுக்கு இல்ல, சோதனைக்குத்தான் வந்தேன். மாடலு தோத்தாக்கூடப் பரவால்ல. நீங்க அத்தன வருசமாப் போட்டத நான் கெடுத்து வச்சுட்டேன்னு ஆகிப்போச்சுன்னா? அதான் பயம். நல்லவேள, நீங்க பாத்து சரின்னுட்டீக."

சொல்லியிருக்கலாம். இடமும் சரியான இடம், நேரமும் சரியான நேரம். நான், "பாத்தேன், பாத்தேன்," என்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த் திசையில் வேகமாக நடந்தேன்.

சோதனை நாளில் எங்கள் ஊர் ஆடிக்காற்று தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. குழாயைத் தாம்புக்கயிற்றால் தூணோடு கட்டினேன். முல்லைப் பெரியாற்றிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் பசை கரைத்து ஊறவைத்தேன். போர் தண்ணீர் உப்பு, பசை முறிந்துவிடும். சகலை என் போனைத் தாங்கியில் மாட்டிச் சென்னையைப் பிடித்தான். திரையில் மேலாளர் அம்மா. மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல், ஓரமாக மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மூட்டு நன்றாக மடங்கியது.

முதல் பசை. முதல் மணியை விட்டேன். மாடல் சொன்ன நேரம் வந்தது, போனது. மணி பாதி வழியில் ஆடி அசைந்து, கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துகொண்டிருந்தது. என் அட்டவணை சொன்ன நேரத்துக்குக் கீழ்க் கோட்டைத் தொட்டது. சகலையின் முகம் சுருங்கியது. நான் என் முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டேன். அடுத்த ஒன்பது மணிக்கும் மாடல் சொன்னதுதான் கணக்கு. என் அட்டவணை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நின்றது. ஆனால் மேலாளர் அம்மா முதல் மணியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தூரம் தப்பியது என்றார். சகலை மாடலின் விடையை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

இரண்டாவது பசையிலும் அதே கதை. சகலைக்கு வியர்த்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவது பசைக்கு இடுக்கியில் மணியை எடுக்கும்போது சந்தோஷத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கமாக உதட்டுக்குள் சொல்வதை வெளியே சொல்லிவிட்டேன்.

"லாபம்."

மணியை விட்டேன். அது இறங்குவதை இந்தத் தடவை சகலை பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு அவன் திருப்பித் தந்து அலமாரியில் இருந்த என் பழைய நோட்டு ஒன்றைப் பிரித்தான். தன் போனிலிருந்த பட்டியலைத் திறந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நெற்றியில் மெதுவாகத் தட்டிக்கொண்டான்.

"எங்க அப்பாவும் நெல்லு அளக்குறப்ப லாபம்னுதாண்ணே ஆரம்பிப்பாக," என்று முணுமுணுத்தான். "எனக்குத் தோணாமப் போச்சே."

திரையில் மேலாளர் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பட்டியலை எனக்கு அனுப்பியது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. கட்டைவிரலும் ஞாபகம் வந்திருக்கும். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால், பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனைத் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அவன் திரையைப் பார்த்து, தப்பு என்னுடையது மேடம் என்றான். முதல் மணி வரிகள் டேட்டாவில் விடுபட்டுவிட்டன, நான் சரியாகப் பார்க்கவில்லை, அண்ணன் நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றான். கட்டைவிரலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எலும்பை எடுத்துக்கொண்டாய், பொறுத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டாய். காகத்தையும் எடுத்துக்கொண்டாய். இப்போது நல்லவன் என்ற பேரையும் முழுசாக நீயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாயா? என் கொட்டகையில், என் குழாய்க்கு முன்னால், என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது? விடக்கூடாது என்று தோன்றியது. வேறு எந்த உயர்ந்த எண்ணமும் எனக்கு அப்போது இல்லை.

"மேடம், அவரு மேல தப்பு இல்ல," என்றேன். "பட்டியல எனக்கு அனுப்பிக் கேட்டாரு. நான் பாத்தேன். முதல் மணி இல்லேன்னு தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

"எதுக்கு சார்?"

"பொறாமை மேடம்."

தகரம் படபடவென்று அடித்தது. மூட்டையின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. மேலாளர் அம்மா கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு மீதி இரண்டு பசையையும் முடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். முடித்தோம். கிளம்பும்போது சகலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "குச்சனூர்லயே தெரியுமாண்ணே?" என்று கேட்டான். தெரியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். நான் முப்பத்துநாலு நோட்டிலும் முதல் வரிகளை வாசிக்க வாசிக்க, அவன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானே டைப் அடித்தான். இரண்டு ஞாயிறு ஆனது. அந்த இரண்டு ஞாயிறும் என் மனைவி அவனுக்கு எலும்புக் குழம்பு வைத்தாள். நல்லி யார் தட்டுக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன். அவன் தட்டுக்குத்தான் போனது. நியாயம்தான்.

முதல் மணிகளையும் காட்டியதும் மாடல் அதையும் கற்றுக்கொண்டது. என் அட்டவணையைவிட நெருக்கமாகச் சொன்னது. தேனி டேபிளுக்கு அதோடு ஓய்வு. மேலாளர் அம்மா போன் செய்து மாடல்தான் இனிமேல் என்று சொன்னபோது, நானாகவே குழாயைப் பற்றிக் கேட்டுவிட்டேன். இருக்கட்டும் என்றார். சில வகைப் பசைகளில் மாடலுக்குப் பழக்கம் போதவில்லையாம், எங்கே போதவில்லை என்பதை அதுவே சொல்கிறதாம். அந்தப் பசைகளுக்கு மட்டும் மணி போட்டு அனுப்பவேண்டும், உண்மையை மட்டும் அனுப்பவேண்டும் என்றார். கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். அதற்கு நான் தகுதியானவன்தான்.

ஆக, உத்தியோகம் இருக்கிறது. முன்பு மணலை என் கணக்குக்காகப் போட்டேன். இப்போது ஒரு கம்ப்யூட்டருக்கு அது கேட்ட பசையில், கேட்ட மணலைப் போட்டு ஊட்டிவிடுகிறேன். சகலை அதற்கு ஒன்று மட்டும் புதிதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். எண் கட்டத்தில் 'லாபம்' என்று வந்தால் அது முதல் மணி, தள்ளாதே என்று. நோட்டில் 1 என்று எழுதிக்கொள்கிறேன் என்று நான்தான் சொன்னேன். வேண்டாம்ணே, உங்கள் கையை எதற்கு மாற்றவேண்டும், அது பழகிக்கொள்ளட்டும் என்றுவிட்டான். பாருங்கள், இதிலும் அவன்தான்.

நேற்று ஒரு புதுப் பசை. மாடலின் விடை போனில் முன்பே வந்திருந்தது. இந்த ஒரு மணியாவது அதை ஏமாற்றிவிடாதா என்று வேண்டிக்கொண்டு இடுக்கியைத் திறந்தேன். "லாபம்" என்றேன். மணி கீழ்க் கோட்டைத் தொட்டபோது வாட்சை அமுக்கினேன். பார்த்தேன். மாடல் சொன்ன அதே நேரம். கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டு, அடுத்த மணியை எடுத்தேன்.

"ரெண்டு."